அப்பாவை நடக்கச் சொல்வதற்கு முன்னால்

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 56 வயது. நூற்பாலையில் 31 வருடமாக வேலை செய்கிறார். இன்னமும் வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் என்று மூன்று ஷிஃப்டுக்கும் போகிறார். சர்க்கரை நோய் உண்டு. ஒரு வருடமாக வீட்டில் யாரோடும் சரியாகப் பேசுவதில்லை, சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுகிறார், தூக்கம் கெட்டுவிட்டது, டீயும் பீடியும் கூடிவிட்டன. நடைப்பயிற்சி, யோகா, தியானம் என்று தொடங்கினால் மனம் தேறிவிடும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவரோ எதையும் காதில் போட்டுக்கொள்வதில்லை. எப்படிச் சம்மதிக்க வைப்பது என்கிறீர்கள். கடைசி வரியில், போகிற போக்கில், வேலையை விட்டே நிறுத்திவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

எனக்குப் படுவது என்னவென்றால், உங்கள் மனதில் இருக்கும் கேள்வி வேறு. பழக்கம் கெட்டதால் மனம் கெட்டதா, மனம் கெட்டதால் பழக்கம் கெட்டதா? அது தெரிந்தால்தான் எங்கே கைவைப்பது என்று தெரியும். கோவைப் பக்கத்து ஆலைகளில் 22 வருடம் தொழிற்சாலை மருத்துவராக இருந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். நான் மனநல மருத்துவர் அல்லன். உங்கள் அப்பாவைப் பார்த்ததும் இல்லை. ஆகவே அவருக்கு இன்ன நோய் என்று நான் சொல்லப்போவதில்லை. இந்த வயதுத் தொழிலாளி ஒருவர் இப்படி வந்து எதிரே உட்கார்ந்தால் எந்த வரிசையில் பார்ப்பேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் உடம்பு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஐம்பதைத் தாண்டிய ஒருவருக்குப் புதிதாக எரிச்சலும் சோர்வும் ஒதுங்கிப்போவதும் வந்தால், மனம் என்று முடிவு கட்டுவதற்கு முன் தைராய்டு, ரத்தசோகை, பி12 சத்து, சர்க்கரை ஆகியவற்றைப் பார்த்துவிட வேண்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைவது தெரிந்த விஷயம். காலில் மதமதப்போடு மனச்சோர்வும் மறதியும் சேர்ந்து வரும். பலமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சு நின்று திணறி எழுகிறவராக இருந்தால், எட்டு மணி நேரம் படுத்தாலும் அது தூக்கமாகக் கணக்கில் சேராது. இவை எல்லாம் மருந்தாலோ கருவியாலோ சரிசெய்யக்கூடியவை. எந்தத் தியானமும் பி12-ஐ ஏற்றாது.

சர்க்கரை மாத்திரை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நானே தவறியிருக்கிறேன். ஸ்பின்னிங்கில் சைடராக, அதாவது நூற்கும் இயந்திரத்தைக் கவனிப்பவராக, இருந்த ஒருவர், வயது 54. இரவு ஷிஃப்ட் வாரங்களில் மட்டும் காலை ஒன்பது, பத்து மணிக்குப் படபடப்பு, வியர்வை, கண்மண் தெரியாத கோபம். வீட்டில் பயந்துபோய் மந்திரிக்கவும் கூட்டிப்போய்விட்டார்கள். மாத்திரை அட்டையையும் சீட்டையும் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். கிளிமெபிரைடு, 'காலை உணவுக்கு முன்' என்று எழுதியிருந்தது. அவர் சொன்னபடியே செய்திருக்கிறார். ஷிஃப்ட் முடிந்து ஏழரைக்கு வீட்டுக்கு வந்து, மாத்திரையைப் போட்டு, ஒரு டம்ளர் டீயைக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவார். இரவெல்லாம் நின்றவருக்குக் காலையில் பசி இருக்காது. சர்க்கரை தாழ்ந்துபோய்தான் அந்தப் படபடப்பும் கோபமும். மாத்திரையை அவருடைய பெரிய சாப்பாட்டு வேளைக்கு மாற்றியதும் அடங்கிவிட்டது. அந்தச் சீட்டை எழுதியவன் நான். எந்த ஷிஃப்ட் என்று கேட்காமலே எழுதியிருந்தேன். அன்றிலிருந்து ஷிஃப்டைக் கேட்காமல் ஒரு மாத்திரையும் எழுதியதில்லை. உங்கள் அப்பா இரவு ஷிஃப்ட் வாரத்தில் எந்த நேரத்துக்கு மாத்திரை போடுகிறார், அதற்குப் பிறகு என்ன சாப்பிடுகிறார் என்று பாருங்கள். நீங்களாக நேரத்தை மாற்றிவிடாதீர்கள். மருந்து கொடுக்கும் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள்.

அடுத்தது தூக்கம். இரவு வேலை முடிந்து பகலில் தூங்குகிற தூக்கம், இரவுத் தூக்கத்தைவிட ஓரிரு மணி நேரமாவது குறைவாகவே இருக்கும், ஆழமும் குறைவு. வயது ஏற ஏற உடம்பின் கடிகாரம் முன்னால் நகர்கிறது. சீக்கிரம் தூக்கம் வரும், விடியும் முன் விழிப்பு வரும். 25 வயதில் பகலில் அடித்துப்போட்டதுபோல் தூங்கியவர் 55 வயதில் பதினொரு மணிக்கே விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக் கிடப்பார். வாரா வாரம் ஷிஃப்ட் மாறினால் அந்தக் கடிகாரம் ஒரு நேரத்துக்குப் பழகுவதற்குள் அடுத்த நேரம் வந்துவிடுகிறது. அப்புறம்தான் டீ வருகிறது. இரவு மூன்று மணிக்கு இயந்திரத்தின் முன்னால் கண் செருகாமல் இருக்க வேண்டுமே! டீயிலுள்ள காஃபீனில் பாதி, குடித்து ஐந்து மணி நேரம் போன பிறகும் ரத்தத்தில் இருக்கும். இரவு மூன்று மணி டீ, காலை எட்டு மணிக்குப் படுக்கும் தூக்கத்தைக் கெடுக்கும். கெட்ட தூக்கம் மறுநாள் இன்னும் இரண்டு டீ கேட்கும். பீடியும் இதே வேலையைத்தான் செய்கிறது. கெட்ட பழக்கம் என்று வீட்டில் திட்டுகிற இவையெல்லாம் பெரும்பாலும் ஷிஃப்டைச் சமாளிக்க அவர் பிடித்துக்கொண்ட ஊன்றுகோல்கள். ஊன்றுகோலை வெடுக்கென்று பிடுங்கினால் ஆள் விழுந்துவிடுவார்.

அதனால் நான் சொல்லும் வரிசையில் பீடி தூக்கத்துக்குப் பிறகுதான். அதை விடவே கூடாத துணை என்று நினைக்க வேண்டாம். புகையை விட்டவர்களுக்குச் சில மாதங்களில் பதற்றமும் சோர்வும் குறைகின்றன என்று 26 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வந்த ஆய்வு காட்டியது. ஆனால் விட்ட முதல் சில வாரங்கள் எரிச்சல் கூடும். தூக்கமே இல்லாத மனிதரிடம் அந்தப் பரீட்சையை வைக்காதீர்கள். முதலில் தூக்கத்துக்கு வீட்டில் இடம் கொடுங்கள். ஜன்னலுக்கு அடர்த்தியான துணி, அவர் தூங்கும் நேரத்தில் மிக்சி ஓடாத வீடு, சத்தம் அடைத்துவைத்த செல்போன், இரவு ஒரு மணிக்குப் பிறகு டீ வேண்டாம் என்ற ஏற்பாடு, ஷிஃப்டுக்குப் போகும் முன் சாயங்காலம் ஒரு குட்டித் தூக்கம். தூங்குவதற்காக மது அருந்துகிறவராக இருந்தால், அது கண்ணை மூட வைக்குமே தவிரத் தூக்கத்தைப் பாதியில் உடைத்துவிடும் என்பதையும் அவருக்குச் சொல்ல வேண்டும்.

இனி நடைப்பயிற்சிக்கு வருகிறேன். நார்வேயில் 33,908 பேரைப் பதினோரு வருடம் தொடர்ந்து கவனித்ததில், வாரத்துக்கு ஒரு மணி நேரமாவது எல்லோரும் உடற்பயிற்சி செய்திருந்தால் பின்னால் வந்த மனச்சோர்வில் 12 சதவீதத்தைத் தவிர்த்திருக்கலாம் என்று கணக்கிட்டார்கள். ஓட வேண்டும், வியர்க்க வேண்டும் என்றுகூட இல்லை. ஆனால் பதற்ற நோய்க்கு அந்தப் பலன் தெரியவில்லை. ஆகவே நடை நல்லது என்பதில் எனக்கு மறுப்பில்லை. உங்கள் அப்பா என்ன பதில் சொல்வார் என்பதும் தெரியும்: "எட்டு மணி நேரம் நடந்துகொண்டேதான் இருக்கிறேன், இன்னும் என்ன நடப்பது?" ரிங் ஃப்ரேம் என்கிற நூற்பு இயந்திரங்களின் சந்துகளில் நூல் அறுந்த இடம் தேடிப் போய்ப் போய் வருகிறவரிடம் அது நியாயமான பேச்சு. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பத்து வருடம் பின்தொடர்ந்து 2021-இல் வெளியிட்ட ஆய்வில், ஓய்வு நேரத்தில் உடலை அசைத்தவர்களுக்கு மாரடைப்பும் மரணமும் குறைந்திருந்தன; வேலையில் உடலை வருத்தியவர்களுக்குக் கூடியிருந்தன. அது இதயத்தைப் பற்றிய ஆய்வு, மனதைப் பற்றியது அல்ல; காரணம் குறித்து இன்னும் வாதம் நடக்கிறது. என் அனுபவத்தில், தானே நேரம் பார்த்து, தனக்குப் பிடித்தவரோடு பேசிக்கொண்டு, நினைத்த இடத்தில் நின்று நடக்கும் நடை ஒன்று. மணி அடித்தால் நடந்து மணி அடித்தால் நிற்கும் நடை இன்னொன்று. அவரை அதிகாலையில் எழுப்பி மைதானத்துக்குத் துரத்தாதீர்கள். பகல் ஷிஃப்ட் வாரத்தில் சாயங்காலம் பழைய கூட்டாளி ஒருவரோடு டீக்கடைவரை நடந்துவிட்டு வந்தால் அதுவே தொடக்கம்.

உணவு, யோகா, தியானம் மூன்றிலும் என் உறுதி இறங்கிக்கொண்டே போகிறது. உணவை மாற்றி மனச்சோர்வு குறைந்ததாக ஆஸ்திரேலியாவில் 2017-இல் ஒரு சோதனை வந்தது. நல்ல முடிவுதான், ஆனால் அதில் இருந்தவர்கள் மொத்தம் 67 பேர், தமக்கு எந்த ஏற்பாடு கிடைக்கிறது என்பதும் அவர்களுக்குத் தெரியும். யோகா சிலருக்கு உதவுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். விருப்பமில்லாமல் உட்காரவைத்தால் உதவாததையும் பார்த்திருக்கிறேன். ஆலைகள் நடத்துகிற மன அழுத்த வகுப்புகளில் எனக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது. பிரிட்டனில் 233 நிறுவனங்களைச் சேர்ந்த 46,336 ஊழியர்களிடம் எடுத்த கணக்கு 2024-இல் வெளியானது. இப்படிப்பட்ட வகுப்புகள், செயலிகள், தியான நிகழ்ச்சிகள் ஆகியவற்றில் சேர்ந்தவர்களும் சேராதவர்களும் மனநிலையில் ஒரேமாதிரிதான் இருந்தார்கள். தொண்டு வேலையில் ஈடுபட்டவர்கள் மட்டும் சற்று மேலாக இருந்தார்கள். ஒரே சமயத்தில் எடுத்த கணக்கு என்பதால் இதுவே தீர்ப்பாகாது. ஆனாலும் வேலையை அப்படியே வைத்துக்கொண்டு மனிதனை மட்டும் திருத்துவது எவ்வளவு தூரம் போகும் என்ற என் சந்தேகத்தை அது கூட்டியது.

நீங்கள் எழுதிய ஒரு வார்த்தைக்குத் திரும்புகிறேன். எதையும் காதில் போட்டுக்கொள்வதில்லை என்றீர்கள். காது கேட்கிறதா என்று பார்த்தீர்களா? ஸ்பின்னிங் இரைச்சலில் 31 வருடம் நின்றவர் அவர். இரைச்சலால் வரும் செவிக்குறை வினோதமானது. முதலில் உயர்ந்த சுருதியுள்ள ஒலிகள்தான் கேட்காமல் போகும். குரல் கேட்கும், சொல் புரியாது. ஆண்கள் பேசுவது விளங்கும், மனைவியோ பேத்தியோ பேசுவது நழுவும். தனியாக, எதிரே நின்று பேசினால் பதில் சொல்வார். நாலு பேர் கூடிப் பேசினால் எழுந்து போய்விடுவார். டி.வி. சத்தம் ஏறும். இரண்டு தடவை "என்ன?" என்று கேட்டவர் மூன்றாவது தடவை கேட்கக் கூச்சப்பட்டுப் பேசாமலே இருந்துவிடுவார். வீடு அதை முறைப்பு என்று படிக்கும். செவிக்குறைக்கும் தனிமை, சோர்வு, மறதி நோய் ஆகியவற்றுக்கும் தொடர்பு இருப்பதை ஆய்வுகள் தொடர்ந்து காட்டுகின்றன. இரைச்சலால் வரும் செவிக்குறை சட்டப்படி தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது. அரை மணி நேரப் பரிசோதனைதான். என்னிடம் 'மனம் சரியில்லை' என்று அழைத்துவரப்பட்ட மூத்த ஆலைத் தொழிலாளர்களில் காதுப் பரிசோதனைக்கு ஏற்கெனவே போய்வந்தவர் ஒருவரும் நினைவில் இல்லை.

கடைசியாக வேலையிடம். எல்லாவற்றையும்விட இதைத்தான் நான் தாமதமாகக் கற்றுக்கொண்டேன். ஜாபராக, அதாவது மற்ற ஆட்களை மேய்க்கும் மூத்த தொழிலாளியாக, இருந்தவர் ஒருவர், ஓய்வுக்கு ஒன்றரை வருடம் இருந்தது. வாரா வாரம் முட்டி வலி என்று வருவார். எக்ஸ்ரேயில் வயதுக்குரிய தேய்மானம்தான். வலி மாத்திரை கொடுத்து அனுப்புவேன். நான்கைந்து மாதம் இப்படியே போனது. ஒரு நாள் கூட்டம் இல்லை. மாத்திரை எழுதாமல், இப்போது என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். புது இயந்திரங்கள் வந்து, திரையைப் பார்த்து இயக்கத் தெரிந்த பையன்கள் வந்ததும், அவரை நூல் கண்டுகளைக் கட்டி அடுக்கும் கோன் பேக்கிங்குக்கு மாற்றியிருந்தார்கள். சம்பளம் குறையவில்லை. வேலையும் லகுதான். பிறகு வலது கையை மேசைமேல் விரித்துக் காட்டினார். பெருவிரலும் ஆள்காட்டி விரலும் வழவழவென்று இருந்தன. முப்பது வருடம் அறுந்த நூலை முறுக்கி இணைத்ததில் ரேகை தேய்ந்துவிட்டது. வாசலில் வைத்த வருகைப் பதிவு இயந்திரம் அந்த விரலை ஏற்காது. தினமும் மூன்று தடவை, நான்கு தடவை வைத்துப் பார்க்க வேண்டும். பின்னால் வரிசை முணுமுணுக்கும். மேற்பார்வையாளர் பையன், மகன் வயதுகூட இல்லை, "ஏய் பெருசு, தள்ளி நில்லு" என்பானாம். எங்கள் பக்கத்தில் ஐந்து வயதுப் பிள்ளையைக்கூட 'வாங்க, போங்க' என்று கூப்பிடுகிற வழக்கம். அந்த மண்ணில் முப்பது வருடம் 'அண்ணா' என்று அழைக்கப்பட்டவரைத் தினமும் காலையில் அந்தச் சொல்தான் வரவேற்றது. அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலாளரிடம் பேசினேன். வருகைக்கு அட்டை கொடுத்தார்கள். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு நூல் இணைக்கக் கற்றுக்கொடுக்கும் வேலையை வாரத்தில் மூன்று நாள் அவருக்குக் கொடுத்தார்கள். முட்டி வலி போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். மாதம் ஒருமுறை வந்தார்.

ஒருவர் கதை ஆதாரமாகாது என்பதை அறிவேன். ஆனால் பின்லாந்தில் 1981-இல் தொடங்கி, நடுவயதிலிருந்த நகராட்சி ஊழியர்கள் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பதினோரு வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். வயதானபின்னும் வேலைத்திறன் கூடியவர்களிடம் மூன்று மாற்றங்கள் தெளிவாகத் தெரிந்தன: மேலதிகாரி நடத்தும் விதம் நல்லபடியாக மாறியிருந்தது, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலை குறைந்திருந்தது, ஓய்வு நேரத்தில் உடற்பயிற்சி கூடியிருந்தது. மூன்றில் ஒன்றுதான் தொழிலாளியின் கையில் இருக்கிறது. மற்ற இரண்டும் ஆலையின் கையில். நாம் அந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு அவரை நச்சரிக்கிறோம் என்பதுதான் என் வருத்தம்.

வேலையை நிறுத்திவிடலாமா என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடையாது. பிரான்சில் மின்சார, எரிவாயு நிறுவன ஊழியர்கள் 14,104 பேரை ஓய்வுக்கு முன்னும் பின்னும் கவனித்ததில், ஓய்வுக்குப் பிறகு களைப்பு வெகுவாகவும் மனச்சோர்வு ஓரளவும் குறைந்தன. ஆனால் அவர்களுக்குச் சம்பளத்தில் ஏறத்தாழ 80 சதவீதம் ஓய்வூதியமாக வந்தது. நம் தொழிலாளர் வைப்பு நிதித் திட்டத்தில் முழு ஓய்வூதியத்துக்கு வயது 58. 2014-இல் நிர்ணயித்த குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய். அந்த ஆய்வைக் காட்டி உங்கள் அப்பாவை வீட்டில் உட்காரவைக்க எனக்கு மனம் வராது. அவரே முடிவெடுத்து வெளியே வந்தால் ஒன்று, பிள்ளைகள் நிறுத்திவிட்டார்கள் என்றால் வேறு. அதற்கு முன் கேட்கக்கூடியது ஒன்று உண்டு: இரவு ஷிஃப்டிலிருந்து மட்டும் விலக்கு. சர்க்கரை நோயையும் தூக்கக் கேட்டையும் குறிப்பிட்டு மருத்துவர் கடிதம் கொடுத்தால் பல ஆலைகள் ஏற்பதைப் பார்த்திருக்கிறேன், மறுத்ததும் உண்டு. ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் அரசு காப்பீட்டில் குறைந்தது ஐந்து வருடம் இருந்து ஓய்வு பெறுகிறவர், வருடம் 120 ரூபாய் கட்டி, தனக்கும் மனைவிக்கும் மருத்துவ வசதியைத் தொடரலாம். இது தெரியாமலே விட்டுவிடுகிறவர்கள் அதிகம், நீங்கள் விட்டுவிடாதீர்கள்.

இத்தனைக்கும் நடுவில், நிஜமான மனச்சோர்வு நோயும் இருக்கலாம். இந்தத் தலைமுறை ஆண்கள் 'மனசு சரியில்லை' என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். முதுகு வலி, எரிச்சல், பசியின்மை என்றுதான் அது வெளியே வரும். நான் இரண்டு கேள்வி கேட்பேன்: போன இரண்டு வாரத்தில், முன்பு பிடித்திருந்த எதிலாவது நாட்டம் விட்டுப்போயிருக்கிறதா? பெரும்பாலான நாட்களில் மனம் பாரமாக இருக்கிறதா? இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் மனநல மருத்துவரிடம் போக வேண்டியதுதான். மருந்து தேவைப்பட்டால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் இருந்து என்ன பயன் என்கிற மாதிரிப் பேச்சு வந்தால், அல்லது கணக்கு வழக்குகளைத் திடீரென்று ஒப்படைக்கத் தொடங்கினால், நாளைக்கு என்று வைக்காதீர்கள். 14416 என்ற, அரசின் மனநல உதவிச் சேவையான டெலி-மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. உயிருக்கு ஆபத்து என்று பட்டால் தனியே விடாமல் உடனே மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

சம்மதிக்க வைப்பது எப்படி என்று கேட்டீர்கள். நடக்க வா என்று தொடங்காதீர்கள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்து, இப்போது எந்த மெஷினில் நிற்கிறீர்கள், யாரோடு வேலை, உங்களை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள். முதல் நாள் "என்னத்தை, எப்போதும்போலத்தான்" என்பார். நாலு நாள் கழித்து மறுபடி கேளுங்கள். மருத்துவரிடம் போவதைப் பகல் ஷிஃப்ட் வாரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இரவு முழுக்க நின்றுவிட்டு வந்த காலையில் எடுக்கிற ரத்த அழுத்தமும் சர்க்கரையும் சரியான கணக்கைக் காட்டாது. மாத்திரை அட்டைகளையும், போன இரண்டு மாத ஷிஃப்ட் விவரத்தை எழுதிய ஒரு தாளையும் கையோடு கொண்டுபோங்கள்.